சிட்டாயி முதுகு

எந்தக் காலம்னு மட்டும் கேட்டுறாதீக. எங்கப்பனுக்கும் தெரியாது, அவுகப்பனுக்கும் தெரியாது. இந்த மலை இருந்துச்சு. அதுக்கு அடியில நம்ம கரட்டூரு இருந்துச்சு. ஊரு நிறைய செம்மறி இருந்துச்சு. மழை மட்டும் இல்ல. அப்பிடி ஒரு காலம்னு வச்சுக்கங்க.

அந்தக் கரட்டூருல காமணன்னு ஒரு கீதாரி இருந்தாராம். கீதாரின்னா, ஊரு ஆட்டையெல்லாம் ஒண்ணாச் சேத்து மேச்சலுக்கு ஓட்டிட்டுப் போற கூட்டத்துக்குத் தலைவரு. மனுசன் நல்லவருதான், ஆனா நடை இருக்கே, கால்ல சுடுதண்ணியை ஊத்திக்கிட்ட நடை! "என்ன காமணா, கல்யாண வீட்டுக்கா போற?"ன்னு யாராச்சும் கேட்டா, "எழவு வீட்டுக்குப் போனாலும் எனக்கு இதே நடைதான்"னு சொல்லிக்கிட்டே போயிருவாராம். கேட்டவன் அந்தப் பதிலை அவரு முதுகுலருந்துதான் வாங்கிக்கணும்.

சும்மா சொல்லக் கூடாது, அந்த வேகத்துக்கும் ஒரு காரணம் இருந்துச்சு. மலைக்கு அந்தப் பக்கம் போகணும்னா கழுத்தைத் தாண்டணும். கழுத்துன்னா வேற எது? இந்தா, நாம இப்ப உக்காந்திருக்கமே, இதேதான். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளம், நடுவுல ஒத்தையடித் தடம். ஒரு ஆடு போகலாம், அது பின்னால இன்னொரு ஆடு போகலாம். சோடி போட்டுப் போக முடியாது, ஒருத்தரை ஒருத்தர் முந்த முடியாது. பொழுது உச்சி சாஞ்சா மஞ்சு, அதான் மூடுபனி, இறங்கிரும். இறங்கிருச்சுன்னா முன்னால போற ஆட்டு வாலு பின்னால வர்ற ஆட்டுக்குத் தெரியாது. காமணனோட கூடப் பிறந்த தம்பி அந்த மஞ்சுக்குள்ள போனவருதானாம், திரும்பி வரல. அன்னையிலருந்து இவருக்கு ஒரே பேச்சு: "மஞ்சுக்கு முந்தணும்." சோத்துல கைய வச்சாலும் அதான், தூக்கத்துல பொரண்டு படுத்தாலும் அதான்.

அவரு மகன் வெள்ளையன். தங்கமான பையன், அப்பன் முன்னால மட்டும் வாயைத் திறக்க மாட்டான். அவன் பொண்டாட்டிதான் சிட்டாயி. காமணனுக்குக் கூடப் பிறந்த அக்கா மக. மருமகளும் அவதான். அவளுக்கு வயித்துல ரெண்டு தங்காமப் போச்சாம். மூணாவதா வாயும் வயிறுமா இருக்கா, மாசம் ஏறிக்கிட்டு வருது, அந்த நேரம் பாத்துப் பஞ்சம் வந்துச்சு.

கம்மா வத்திருச்சு. கிணறு வத்திருச்சு. ஆடு வேலியில இருந்த காஞ்ச முள்ளைத் தின்ன ஆரம்பிச்சிருச்சு. மலைக்கு அந்தப் பக்கம் நல்ல மழையாம், புல்லு முழங்கா உசரம் நிக்குதாம்னு சேதி வந்துச்சு. ஊரே மூட்டையைக் கட்டுச்சு. சிட்டாயியை என்ன செய்யுறது?

"நீ இங்கன இரு ஆத்தா. புள்ளையப் பெத்துக்க. பிறகு வந்து கூட்டிட்டுப் போறோம்"ங்கிறாரு காமணன்.

"எதைக் குடிச்சுட்டு இருக்கட்டும் மாமா? நீங்க சொன்ன வார்த்தையவா?"

"மலை யாருக்கும் காத்துக்கிட்டு நிக்காது புள்ள."

"அது நிக்க வேணாம். படுத்தே கிடக்கட்டும். நான் அதுமேல நடந்துக்கிறேன்."

அப்பிடி ஒரு வாயி அவளுக்கு! காமணனுக்குச் சிரிப்பும் வந்துச்சாம், கோவமும் வந்துச்சாம். "சரி, வா. ஆனா உனக்காக நிக்க மாட்டேன்"னுட்டாரு.

கிளம்புனாக. முன்னால காமணன், அவரு பின்னால கிடாயும் மந்தையும், அதுக்குப் பின்னால சனம். எல்லாத்துக்கும் கடைசியில சினையாடுக. சினையாட்டுக்குப் பின்னால சிட்டாயி. மெள்ள வர்றது மெள்ள வர்றதோட சேரட்டும்னு அவருதான் விட்டாரு.

ஏத்தம்னா ஏத்தம், செருப்பு வழுக்குற ஏத்தம். காமணன் விறுவிறுன்னு போறாரு. களைச்சா ஒரு பாறை நிழல்ல உக்கார்றாரு. கூட வந்தவுக உக்கார்றாக. சுரைக்குடுக்கையில தண்ணி குடிக்கிறாக, வறுத்த மொச்சையைக் கொறிக்கிறாக, காலை நீட்டுறாக. அப்ப சினையாடு வரும். அது பின்னால சிட்டாயி வருவா, இடுப்புல கைய வச்சுக்கிட்டு. அவளைக் கண்டதும் காமணன் என்ன சொல்லுவாரு? "வந்துட்டாளா? எந்திரிங்க, எந்திரிங்க!"

மறுபடி ஏத்தம். மறுபடி ஒரு நிழலு. உக்கார்றாக, குடிக்கிறாக, கொறிக்கிறாக. சிட்டாயி வந்து சேர்றா. "வந்துட்டாளா? எந்திரிங்க!"

நல்லாக் கவனிங்க. உக்காந்தவனே உக்கார்றான், நடந்தவளே நடக்குறா. யாரு ரொம்பக் களைச்சாளோ அவளுக்கு உக்கார நேரம் இல்ல. இதுல யாரும் வேணும்னு செஞ்ச பாவம் ஒண்ணும் இல்ல. "அவளுக்காகத்தான இம்புட்டு நேரம் காத்திருந்தோம்"னு அவுகளுக்கு நினைப்பு. சிட்டாயிகிட்டக் கேட்டா, "ஆமா, நான் வர்ற வரைக்கும் காத்திருந்தாக, வந்தவொடன போயிட்டாக"ன்னு சொல்லுவா.

மறுநாளும் அதே கூத்து. மத்தியானத்துக்கு மேல ஒரு சினையாடு நடக்க மாட்டாமப் படுத்துக்கிச்சு. படுத்த இடத்துலயே குட்டியை வீசிருச்சு. உசுரில்லாத குட்டி. தாயாடு அதை நக்கி நக்கி எழுப்பப் பாக்குது. முன்னால போனவுக ஒருத்தரும் அதைப் பாக்கல, சிட்டாயி ஒருத்திதான் பாத்தா. அதே நேரம் அடிவயிறு ஒரு இழு இழுத்துச்சாம். அப்பிடியே பாறையைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டா. இழுப்பு விட்டுச்சு. நடந்தா. திரும்ப இழுத்துச்சு.

அன்னைக்குப் பொழுது சாய கழுத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பாறைக் குடைவுல தங்குனாக. சிட்டாயி புருசன்கிட்டச் சொன்னாளாம்: "நான் இப்பிடியே பின்னால வந்தேன்னா இந்தப் புள்ளையும் நமக்கு இல்ல. எனக்குப் பயமா இருக்கு."

"அப்பாகிட்டச் சொல்லவா?"ங்கிறான் வெள்ளையன்.

"சொல்லுவியா?"

அவன் அப்பன் படுத்திருக்குற பக்கம் ஒரு பார்வை பாத்துட்டுப் போர்வையை இழுத்துக்கிறான். சிட்டாயி அவன் தலையைத் தடவி விட்டுட்டு, "நீ சிவனேன்னு படுத்துக்க"ன்னுட்டா.

கிழக்கு வெளுக்குது. எல்லாம் அசந்து தூங்குது. சிட்டாயி எந்திரிச்சா. "பா... பா..."ன்னு மெல்லமா ஒரு சத்தம் குடுத்தா, சினையாடுகளும் எந்திரிச்சுச்சுக. அதுகளைக் கூட்டிக்கிட்டு கழுத்துக்குள்ள நுழைஞ்சுட்டா.

காமணன் எந்திரிச்சுக் கண்ணைக் கசக்குறாரு. "எங்கடா சிட்டாயி?"

"முன்னாலப்பா."

"எதுக்கு முன்னால?"

"நமக்கு முன்னால."

அவ்வளவுதான்! வேட்டியை வரிஞ்சு கட்டுனாரு, மந்தையைக் கிளப்புனாரு, பறந்தாரு. சனமும் அவசரத்துல ஆட்டுக்கு நடுநடுவுல நுழைஞ்சு ஓடியாந்துச்சு. கழுத்துல பாதி போறதுக்குள்ள போயி முட்டிக்கிட்டாரு. முன்னால சினையாடு வரிசையாப் போகுது, அதுக்கு அந்தப் பக்கம் சிட்டாயி முதுகு. மெள்ள மெள்ள அசைஞ்சு போகுது. எங்கிட்டு முந்துவாரு? இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் பாதாளம்.

"ஏத்தா! எட்டி நட!"

"நடக்குறேன் மாமா."

"இதுக்குப் பேரு நடையா?"

"எனக்கு இதான் மாமா நடை."

கொஞ்ச தூரம் போனா. நின்னா. உக்காந்தா! சினையாடு நின்னுச்சு. காமணன் நின்னாரு. கிடா நின்னுச்சு, மந்தை நின்னுச்சு, சனமெல்லாம் நின்னுச்சு. பின்னால இருந்து ஒருத்தன், "என்ன கீதாரி, என்னாச்சு?"ன்னு கத்துறான். என்னத்தைச் சொல்லுவாரு? "மருமக உக்காந்துட்டா"ங்கிறாரு. மலையே சிரிச்சுச்சாம்.

"மஞ்சு வந்துரும் புள்ள! சொன்னாக் கேளு!"

"அவசரத்துல அண்டாவுக்குள்ளயும் கை போகாது மாமா. செத்த உக்காருங்க."

இப்பிடியே உக்காந்து எந்திரிச்சு, உக்காந்து எந்திரிச்சு, பொழுது உச்சி சாஞ்சிருச்சு. அப்ப இறங்குச்சு பாருங்க மஞ்சு, பாதாளத்துலருந்து பொங்கி வந்து தடத்தை மூடிருச்சு. காமணனுக்கு முன்னால இருந்த ஆடு இல்ல, பாறை இல்ல, தன் கை இல்ல.

மஞ்சுக்குள்ள இருந்து சிட்டாயி குரலு மட்டும் வருது. "மாமா, பயமா இருக்கா?"

"இருக்கு ஆத்தா. என் தம்பி இங்கனதான் போனான்"ங்கிறாரு. அதுக்கு முந்தி அவரு யாருகிட்டயும் பயம்னு ஒரு வார்த்தை சொன்னதில்லயாம்.

"எனக்கும் பயந்தான். உக்காருங்க. முன்னால இருக்குற ஆட்டு மேல கைய வைங்க. பின்னால இருக்குறவுகளையும் வைக்கச் சொல்லுங்க."

காமணன் பின்னால சொன்னாரு. பின்னால இருந்தவன் தனக்குப் பின்னால சொன்னான். "உக்காரு, ஆட்டு மேல கைய வையி." "உக்காரு, ஆட்டு மேல கைய வையி." வார்த்தை கடைசி ஆளு வரைக்கும் போச்சு. போகும்ல? எல்லாரும் ஒட்டி ஒட்டித்தான வந்திருக்காக! மத்த வருசமெல்லாம் காமணன் ஒரு மலையில இருப்பாரு, கடைசி ஆளு இன்னொரு மலையில இருப்பான். நடுவுல மஞ்சு இறங்குனா யாரு யாரைக் கூப்பிடுறது? பிரிஞ்சு நின்ன ஆடுதான் விழுந்துச்சு. பிரிஞ்சு நின்ன தம்பிதான் போனாரு. அது அங்க உக்காந்திருக்கும்போதுதான் காமணனுக்கு உறைச்சுச்சாம். வேட்டி முனையை வாயில வச்சுக்கிட்டு அழுதாராம்.

பொழுது அடையுறதுக்கு முந்தி காத்து ஒண்ணு வந்து மஞ்சை வழிச்சுக்கிட்டுப் போச்சு. சிட்டாயி எந்திரிச்சா. எல்லாரும் எந்திரிச்சாக. அன்னைக்குக் கழுத்துல ஒரு ஆடு தவறல, ஒரு குட்டி தவறல. அந்தப் பக்கம் புல்லு மேட்டுல போயி இறங்குன கொஞ்ச நாள்லயே சிட்டாயிக்குப் பொம்பளைப் பிள்ளை பிறந்துச்சு. அது போட்ட சத்தம் கரட்டூருக்கே கேட்டுச்சுன்னு சொல்லுவாக. நம்ம ஊருல பாதிச் சனம் அந்தப் பிள்ளை வழிதான், நானும் அந்த வழிதான். நம்ம வாயைப் பாத்தாலே தெரியலயா?

அதுக்குப் பிறகு ஒவ்வொரு வருசமும் கழுத்து வாயில வந்ததும் காமணன் நின்னுருவாராம். "சிட்டாயி வரட்டும்." அவ முன்னால போவா, இவரு பின்னால போவாரு.

வருசம் ஓடுச்சு. சிட்டாயி தேறி நல்லா நடக்குறா. காமணனுக்கு வயசாயிருச்சு. ஒரு வருசம் எல்லாரும் கழுத்து வாயில உக்காந்து தண்ணி குடிச்சுட்டு இருக்காக, காமணன் இன்னும் வரல. ரொம்ப நேரம் கழிச்சுக் கம்பை ஊண்டி ஊண்டி வர்றாரு. எளவட்டங்க என்ன செஞ்சாங்க? "வந்துட்டாரு, எந்திரிங்க"ன்னு எந்திரிச்சாங்க.

"உக்காருங்கடா!"ன்னா சிட்டாயி. ஒரே அதட்டு. எல்லாம் பொத்துன்னு உக்காந்துச்சு. காமணனும் உக்காந்தாரு, தண்ணி குடிச்சாரு, மூச்சு வாங்குனாரு. வாங்கி முடிக்கட்டும்னு இருந்துட்டு, "மாமா, முன்னால போங்க"ன்னா.

"என்னைக் கிழவன்னு சொல்லுறியா?"

"கீதாரின்னு சொல்லுறேன். போங்க."

அந்த மனுசன் கம்பை ஊண்டி முன்னால போயி நின்னாரு. நின்னவரு நகரல. திரும்பிப் பாத்து, "ஆத்தா, இம்புட்டு வருசமும் உன் முதுகைப் பாத்தே நடந்துட்டேன். அது இல்லாம எனக்குத் தடம் தெரியலயே"ன்னாராம்.

"தடம் அங்கனதான் இருக்கு. மெள்ளப் போங்க மாமா. நாங்க எல்லாரும் உங்க பின்னாலதான் இருக்கோம்."

போனாரு. பத்தடிக்கு ஒருக்கா உக்காந்தாரு. அவரு உக்காந்தப்ப ஊரே உக்காந்துச்சு. ஒரு பய முந்தல, ஒரு பய முனங்கல.

அதுலருந்துதான் இந்த இடத்துக்குச் சிட்டாயி முதுகுன்னு பேரு. நம்ம சனம் ஆடு ஓட்டிட்டுப் போனாலும் சரி, சாமி கும்பிடப் போனாலும் சரி, இங்கன வந்ததும் யாருக்குக் காலு முடியலன்னு கேப்போம். முடியாதவுக வெக்கப்படாம முன்னால வரணும். அவுக உக்காந்தா எல்லாரும் உக்காரணும், அவுக எந்திரிச்சாத்தான் எந்திரிக்கணும்.

ஏய்யா, நீ எங்க கிளம்பிட்ட? முன்னால அந்தப் பெரியவரு இன்னும் மூச்சு வாங்கிக்கிட்டு இருக்காருல்ல? உக்காரு.