வரப்பு கேசும் டிவி கொலையும்

தஞ்சாவூர் கோர்ட்டு ஸ்டாப்பில் ஏறிய இரண்டு பெரியவர்கள் என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள்.

“கொலைகாரன் யாருன்னு முதல் வாரமே காட்டிட்டான். அப்புறமும் டிவியை விட்டு எந்திரிக்க முடியலையே, ஏங்க?” என்றார் கண்ணாடிக்காரர்.

“நமக்குத் தெரியும், போலீசுக்குத் தெரியாதுல்ல,” என்றார் துண்டுக்காரர். “வாராவாரம் அவன் வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிடுறாங்க. நமக்குத்தான் நெஞ்சு அடிச்சுக்குது.”

“நம்ம வரப்பு கேசும் அப்படித்தான் இழுக்குது, வாய்தாவுக்கு மேல வாய்தா. ஆனா அதுல என்னங்க படபடப்பு? வரப்பை என் வயல்ல தள்ளிப் போட்டது நீங்கதான்னு ஊருக்கே தெரியும்.”

“ஜட்ஜுக்குத் தெரியாதுல்ல. ஒவ்வொரு வாய்தாவுக்கும் எனக்கு எப்படி அடிச்சுக்குதுன்னு உங்களுக்கு எங்க தெரியப்போவுது!”

கேஸ் போட்ட கண்ணாடிக்காரர்தான் முதலில் சிரித்தார். திருவையாற்றுக்கு இரண்டு டிக்கெட்டும் அவரே எடுத்தார்.