ஒரு ரூமுக்கு ஒரு ஒயர்

வாயாடி: முடியாது சார். எழுந்திரிக்க மாட்டேன்.

நெட்வொர்க் சார்: என்னம்மா இது, சின்னப் புள்ளையா நீ? சுவத்துல முதுகை ஒட்டிக்கிட்டு... உன் முதுகுக்குப் பின்னாலதான் நெட் ஒயர் மாட்டற சாக்கெட் இருக்கு. நகரு.

வாயாடி: தெரியும் சார். அதனாலதான் இங்க உக்காந்திருக்கேன்.

நெட்வொர்க் சார்: கேட்டீங்களா வார்டன் மேடம், உங்க ஹாஸ்டல் பொண்ணு பேசற பேச்சை?

வார்டன்: கேட்டேன், கேட்டேன். ஏண்டி வாயாடி, சார் இத்தனை படி ஏறி வந்து நிக்கறார், மூச்சு வாங்குது பாரு. கொஞ்சமாவது மரியாதை வேணாம்? சார், நீங்க முதல்ல உக்காருங்க.

நெட்வொர்க் சார்: நான் உக்கார வரலை மேடம். இந்த ரூமுக்குக் குடுத்தது ஒரு ஒயர். ஒரு ரூமுக்கு ஒரு மெஷின், ஒரே கம்ப்யூட்டர், அதான் விதி. ஆபீஸ்ல பாத்தா இங்க மூணு மெஷின் ஓடுது. நடுவுல சுவிட்ச் போட்டிருக்காங்க.

வார்டன்: சுவிட்சா? அது எல்லா ரூம்லயும்தானே சார் இருக்கு? இதோ, லைட்டுக்கு ஒண்ணு, ஃபேனுக்கு ஒண்ணு...

நெட்வொர்க் சார்: ஐயோ, அந்த சுவிட்ச் இல்லை மேடம்!

வார்டன்: பின்ன? பாத்ரூம்ல இருக்கறதா?

நெட்வொர்க் சார்: சின்னப் பெட்டி மேடம். ஒரு ஒயரை உள்ள விட்டா நாலு ஒயராப் பிரிச்சுக் குடுக்கும்.

வார்டன்: அடேங்கப்பா! எங்கடி அந்தப் பெட்டி?

வாயாடி: கட்டிலுக்கு அடியில. நான் ஒண்ணும் மறைக்கலையே. ஒரு மெஷின் என்னுது. இன்னொண்ணு என் ரூம்மேட்டோடது. மூணாவது யாரோடதுன்னு சாருக்கே தெரியும்.

நெட்வொர்க் சார்: தெரியும். பக்கத்து ரூம் பொண்ணோடது. இந்த செமஸ்டர் முழுக்க அவளுக்கு நெட் கிடையாதுன்னு மேலருந்து ஆர்டர்.

வாயாடி: எதுக்கு ஆர்டர்? அதையும் சொல்லுங்க சார்.

நெட்வொர்க் சார்: அது எனக்கு எதுக்கும்மா...

வாயாடி: அப்ப நான் சொல்றேன். குடிக்கற தண்ணியில புழு நெளிஞ்சுது. அவ படம் எடுத்து நெட்டுல போட்டா. தண்ணித் தொட்டியைக் கழுவ ஒருத்தருக்கும் நேரம் இல்லை, அவ ஒயரைப் பிடுங்க மட்டும் ஓடி வந்துட்டீங்க!

வார்டன்: ஏய், மெதுவாப் பேசு.

நெட்வொர்க் சார்: பாரும்மா, எனக்கு யார் மேலயும் கோபம் இல்லை. ஒயரைப் பிடுங்கணும், போகணும். அவ்வளவுதான்.

வாயாடி: அவ இப்ப வேலைக்கு இன்டர்வியூல இருக்கா சார். இந்த நிமிஷம் கேமரா முன்னால பதில் சொல்லிக்கிட்டிருக்கா. நீங்க பிடுங்கினா திறந்த வாய் திறந்தபடி அவ மூஞ்சி உறைஞ்சு நிக்கும். அந்தக் கம்பெனி மறுபடி கூப்பிடவா போகுது?

நெட்வொர்க் சார்: போன்ல பண்ணக் கூடாதா?

வாயாடி: இந்தக் கட்டடத்துல சிக்னல் ஒரு கோடாவது நிக்குமா?

நெட்வொர்க் சார்: முறையா அனுமதி கேட்டிருக்கலாமே...

வாயாடி: கேட்டா. யோசிச்சு சொல்றோம்னாங்க. இன்னும் யோசிக்கறாங்க.

நெட்வொர்க் சார்: மேடம், நான் ஆபீஸ்லருந்தே மூடியிருப்பேன். மூடினா இந்த மாடி மொத்தமும் போயிடும், எல்லாரும் கத்துவாங்க. அதான் நேர்ல வந்தேன். நீங்க இவளை எழுப்புங்க.

வார்டன்: எழுந்திருடி! எழுந்திருன்னு சொல்றேன்ல? ...பாத்தீங்களா, அசையறாளா? இடிச்ச புளி மாதிரி உக்காந்திருக்கா.

நெட்வொர்க் சார்: நானே கட்டிலை இழுத்து அந்தப் பெட்டியை எடுத்துக்கறேன்.

வார்டன்: ஐயையோ, கையை எடுங்க சார்! பொண்ணுங்க ரூம்ல ஆம்பளைங்க எந்த சாமானையும் தொடக் கூடாது. கீழ வாசல்லயே எழுதிப் போட்டிருக்கு, பாக்கலையா?

நெட்வொர்க் சார்: அப்ப நீங்க இழுங்க!

வார்டன்: எனக்கு இடுப்புப் பிடிச்சிருக்கு. குனிஞ்சா நிமிர முடியாது.

நெட்வொர்க் சார்: வாட்ச்மேனைக் கூப்பிடுங்க.

வார்டன்: அவரும் ஆம்பளைதானே?

நெட்வொர்க் சார்: மேடம்... நீங்க யார் பக்கம்?

வார்டன்: இதென்ன கேள்வி சார்? விதி பக்கம். உங்களுக்கு ஒரு விதி இருக்கற மாதிரி எனக்கும் ஒண்ணு இருக்கு.

நெட்வொர்க் சார்: ஏம்மா, உன் பேரை எழுதி அனுப்பினா ஹாஸ்டலை விட்டே அனுப்பிடுவாங்க. பயமா இல்லை உனக்கு?

வாயாடி: இருக்கு சார். அதுக்காக எழுந்துடணுமா?

நெட்வொர்க் சார்: இதோ, நோட்டை எடுத்துட்டேன். எழுதவா?

வாயாடி: எழுதுங்க. நான்தான் பெட்டி வாங்கினேன், நான்தான் மாட்டினேன். அவ வேணாம் வேணாம்னுதான் சொன்னா. நான்தான் பிடிச்சு உக்கார வச்சேன்.

வார்டன்: வாயை மூடுடி. எல்லாத்தையும் உன் தலையிலயே போட்டுக்காதே.

நெட்வொர்க் சார்: இருங்க... அந்தப் பொண்ணு எங்க? இந்த ரூம்ல ரெண்டு மெஷின்தானே இருக்கு?

வாயாடி: அது எதுக்கு சார் உங்களுக்கு? பெட்டியைத்தானே கேட்டீங்க?

வார்டன்: சார், டீ சொல்லட்டுமா?

நெட்வொர்க் சார்: டீ வேணாம் மேடம்! மூணாவது மெஷின் எங்கன்னு...

வாயாடி: ஹய்யோ! வந்துடுச்சு! சரி சார், எழுந்துட்டேன். இந்தாங்க, நல்லாப் பிடுங்கிக்கங்க.

நெட்வொர்க் சார்: என்ன திடீர்னு?

வாயாடி: இன்டர்வியூ முடிஞ்சுது.

நெட்வொர்க் சார்: உனக்கு எப்படித் தெரியும்? யாரும் வரலை, போனும் அடிக்கலை...

வாயாடி: சொதப்பினா ஒயரை ஒரு தரம் இழு, நல்லாப் பண்ணினா ரெண்டு தரம் இழுன்னு சொல்லியிருந்தேன். என் முதுகுக்குப் பின்னால ஒயர் ரெண்டு தரம் இழுபட்டுச்சு சார். ரெண்டு தரம்!

நெட்வொர்க் சார்: இழுத்தாளா? எங்கருந்து? நில்லு... இந்த நீல ஒயர் சன்னலுக்கு வெளிய போகுதே?

வாயாடி: அது... துணி காயப் போடற கொடி சார்.

நெட்வொர்க் சார்: கொடியை யாராவது மேலருந்து கீழ கட்டுவாங்களா? நேராக் கீழ்த்தளத்துக்குல்ல இறங்குது... மேடம், இந்தச் சன்னலுக்கு நேர் கீழ யாரோட ரூம்?

வாயாடி: மேடம், வேணாம்... சொல்லாதீங்க. உங்க வேலை போயிடும்...

வார்டன்: என்னோடதுதான் சார். அமைதியா இருக்கட்டும்னு கதவைச் சாத்தி நானே அவளை உக்கார வச்சுட்டு வந்தேன். என் ரூமுக்கு ஒரு ஒயர் இழுங்கன்னு உங்ககிட்ட எத்தனை தரம் கேட்டிருப்பேன், நீங்க இழுக்கலை. இந்தப் பொண்ணுங்க இழுத்துட்டாங்க. எழுதறதா இருந்தா முதல்ல என் பேரை எழுதுங்க. வார்டன்னு மொட்டையா எழுதாதீங்க, முழுப் பேரையும் எழுதுங்க.