வீக்கம் வடிஞ்ச புள்ள

ஓடறோம். காரவள்ளியில இருந்து மலை மேல ஓடறோம். முன்னாடி நங்கையா. என் ஊட்டுக்காரரோட அக்கா அவ. அவ தோள்ல அவ பையன் செல்லான். என் இடுப்புல என் மக வள்ளி. உச்சி வெயில். ஒத்தையடிப் பாதை. கல்லு சுடுது. பொறவால யாரும் தொரத்தல. ஆனாலும் ஓடறோம்.

தலைக்கு மேல கடகடன்னு சத்தம். ஏரோப்ளேன்.

"படு! புதருக்குள்ள படு!" நங்கையா கத்தறா.

படுத்தோம். வள்ளி வாயைப் பொத்தினேன். பொத்தவே வேண்டியதில்லீங்க. அவ அழுகையை மறந்து வெகுநாளாச்சு. சத்தம் நாமக்கல் பக்கமாப் போயி அடங்குச்சு. எந்திரிச்சோம். மறுபடி ஓட்டம்.

எதுக்கு ஓடினோம்னு சொல்லோணும்.

ஜப்பான்காரன் ரங்கூனைப் புடிச்சதுக்கு அடுத்த வருசம். ஐப்பசி மாசம். பர்மா அரிசி நின்னு போச்சு. கீழ்நாட்டுல கடையெல்லாம் சாத்திக் கெடந்துச்சு. எங்க ஊரு மலை மேல, வாசலூர்பட்டி. அங்க மழை ஏமாத்திருச்சு. சாமை பதராப் போச்சு. ஊட்டுக்காரரு பட்டாளத்துக்கு ரோடு போடறேன்னு கங்காணியோட அஸ்ஸாம் போனாரு. தீவாளிக்கு வாரேன்னாரு. நாங்க காட்டுக் கெழங்கைத் தோண்டி, கசப்புப் போக ஓடைத்தண்ணியில ஊறவெச்சுத் தின்னோம். கெழங்கும் தீந்துச்சு. புளியங்கொட்டையை வறுத்து இடிச்சுத் தின்னோம்.

அப்பத்தான் புள்ளைக வீங்குச்சுக. மொதல்ல பாதம். அப்பறம் மொகம். கன்னம் ரெண்டும் பளபளன்னு. எங்களுக்கு என்ன தெரியும்? சதை போட்டிருக்குன்னு நெனச்சோம். பஞ்சத்துலயும் உம் மவ கொழுகொழுன்னு தேறிட்டாளேன்னு அக்கம்பக்கத்து ஊடெல்லாம் சேந்த எங்க வளவே சொல்லுச்சு. கண்ணு பட்டுரும்னு கன்னத்துல மை வெச்சேன். வெரலு வெச்ச எடம் குழியா நின்னுச்சு. மேல எழும்பல. பாத்துட்டே இருந்தேன். மறுபடி அழுத்தினேன். மறுபடியும் குழி.

காரவள்ளி புளியந்தோப்புல வீங்கின புள்ளைகளுக்குப் பால் ஊத்தறாங்கன்னு சந்தையில பேச்சு. வள்ளியைத் தூக்கிட்டு எறங்கினேன். ஒரு ஓலைக்கொட்டாய். ஒரு டாக்டரம்மா. ஒரு நர்சம்மா. பட்டாளத்துப் பால்மாவு. அதைக் காய்ச்சின தண்ணியில நீர்க்கக் கரைச்சு, சக்கரை போட்டு, சங்குல புகட்டுவாங்க. பச்சைப்புள்ளைக்குப் பால் புகட்டற அதே சங்குதான். ஒரு தடவைக்கு ஒரு சங்கு. அவ்வளவுதான். மரத்துல தண்டவாளத் துண்டு கட்டியிருந்துச்சு. டங். டங். டங். அடிச்சாப் புகட்டோணும். ராத்திரியிலயும் அடிக்கும்.

ஏனுங்க, இன்னொரு சங்கு குடுங்கன்னு கெஞ்சினேன். நர்சம்மா மசியல. காஞ்சு போன ஒடம்புல ஒரேடியா நெறையப் போனா நெஞ்சு தாங்காதுங்க, நின்னுரும்னாங்க. எனக்குக் கோவமான கோவம். சோறு தின்னு யாராச்சும் சாவாங்களா? கஞ்சப்பிசுனாறின்னு மனசுக்குள்ள வஞ்சேன்.

ஒரு வாரத்துல வள்ளி வத்திப் போனா. மொகம் போச்சு. கை காலு குச்சி. நெஞ்சுக்கூடு தெரியுது. நீர் வடியுதுங்க, இனிமேத்தான் நெசமான சதை புடிக்கும்னாங்க நர்சம்மா. இதுவா நல்லது? கண்ணு முன்னால புள்ள எலும்பாயிட்டு இருக்கா.

ஓடின அன்னைக்குக் காலையிலதான் நங்கையா செல்லானைத் தூக்கிட்டு வந்தா. அவன் வீங்கின மேனிக்கே இருந்தான். ஒரு சங்கு குடிச்சான். அப்பத்தான் அவ வள்ளியைப் பாத்தா.

"கொழுத்த புள்ளைய வத்த வெச்சுட்டாங்க! என் பையனையும் வத்த வெச்சுருவாங்க! தூக்கு! ஓடு!"

எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு. தூக்கினேன்.

ஏரோப்ளேன் போன பொறவு பாதி மலை ஏறியிருப்போம். கீழ இருந்து கேக்குது. டங். டங். டங். சன்னமா.

வள்ளி வாயைத் தொறக்கறா.

கண்ணு மூடித்தான் இருக்கு. வாயை மட்டும் குருவிக்குஞ்சாட்டம் தொறந்து வெச்சிருக்கா. ஒண்ணும் விழல. அழுதா. வீறிட்டு அழுதா. அட சாமி, எம் புள்ளைக்குப் பசி வந்துருச்சு! பசியே இல்லாமக் கெடந்தவளுக்குப் பசி வந்துருச்சு!

நான் நின்னுட்டேன்.

"நங்கையா! திரும்பு! புள்ளைக்குப் பசிக்குது!"

"பைத்தியமா உனக்கு? மேல வா!"

"திரும்பு நங்கையா!"

அவ திரும்பல. நான் எறங்கினேன். உழுந்து எந்திரிச்சு எறங்கினேன். மொழங்காலெல்லாம் ரத்தம். நர்சம்மா ஒரு வார்த்தை வையல. சங்கை எடுத்தாங்க.

மேல நடந்தது பொறவு கேட்டது. பாலை அளந்து அளந்து ஊத்தறாங்கன்னு நங்கையா சொல்ல, வளவே கொதிச்சுப் போச்சு. பட்டினி போட்டு அனுப்பிட்டாங்களேன்னு ஆளுக்கு ஒரு புடி சாமை கொண்டாந்தாங்க. வெதைக்குன்னு பானையில மூடி வெச்சிருந்த சாமை. நாங்க புளியங்கொட்டை தின்னப்பக்கூட யாரும் தொடாத சாமைங்க அது. செல்லானுக்காகத் தொறந்தாங்க. பொங்கி, தேனு ஊத்தி, வவுறாரத் தின்னு சாமின்னு ஊட்டினாங்க. தின்னானாம். சிரிச்சானாம். விடியறதுக்குள்ள நெஞ்சு நின்னு போச்சு.

மொகம் அப்பவும் கொழுகொழுன்னு இருந்துச்சாம். கண்ணு பட்டுருச்சுன்னாங்க. யாரும் கெட்டவங்க இல்லீங்க.

எண்ணிச் சொல்லறேன். எங்க வளவுல நாலு புள்ளைக போச்சு. மாரி. குப்பாயி. பேரு வெக்காத ஒரு கைக்குழந்தை. செல்லான். நாலும் வீங்கின மொகத்தோடதான் போச்சுக. ஒருக்காத் தொறந்த பானையை மூட முடியல, வெதைச் சாமை பூராவும் தின்னே தீந்துச்சு. அடுத்த ஆடியில ஏரு கட்டல. உழவு மாட்டை வித்தோம். ஊட்டுக்காரரு வரல. சண்டை முடிஞ்சு போச்சுங்கறாங்க. தீவாளி வருது, போவுது.

வள்ளி இருக்கா. ஆடு மேய்க்கறா. எந்நேரமும் பசிங்கறா. நான் வட்டில்ல சோறு போடறப்பல்லாம் நங்கையா பக்கத்து ஊட்டுல இருந்து எந்திரிச்சு வாரா. பக்கத்துல குத்த வெச்சு உக்காரறா. என் கையைப் புடிக்கறா.

"போதும். கொஞ்சமா வெய்யி."