முந்திரித் தாள்

ஹலோ... ஆமாங்க, ஜான்சி டீச்சர்தான் பேசுறேன்... யாரு, சந்திரலேகா அப்பாங்களா? சொல்லுங்க... ஆமா, ஆமா, கணக்குல இருபதுக்கு இருபது. நான்தான் போட்டேன்... ஐயோ, எனக்கெதுக்குங்க நன்றி... தெரு பூரா முட்டாய் குடுத்தீங்களா... ம்...

எங்க நிக்கிறீங்க இப்ப? கடலூர்லயா?... அந்தப் பெரிய ஸ்கூல் வாசல்லயா... ஆறாவதுக்கு என்ட்ரன்ஸா, இன்னிக்கா?... காடாம்புலியூர்லேர்ந்து மொத பஸ்சுக்கே வந்துட்டீங்களா...

லேகா அப்பா, ஒரு நிமிஷம்... இல்ல இல்ல, கெட்டிக்காரிதான்... நான் சொல்றத கொஞ்சம் கேளுங்க. கிளாசுல எல்லாருக்கும் நான் ஒரே கேள்வித்தாள் குடுக்கறதில்லீங்க. மூணு வகை. ஓரத்துல படம் போட்டிருப்பேன். முந்திரி, மாங்கா, பலாப்பழம்... ஆமா, நம்ம பக்கம் வெளையறதுதான்... முந்திரி லேசு, பலாப்பழம் கஷ்டம். அவங்கவங்களுக்கு வர்றத குடுத்தா பயப்படாம போடுவாங்கன்னுதான்... ஆமா... பாப்பாவுது முந்திரிங்க.

...

ஹலோ? இருக்கீங்களா?... பொய் மார்க்கு இல்லீங்க, நெசமாவே அவ போட்டதுதான். ஆனா அதுல வெறும் கூட்டல் கழித்தல். பின்னமெல்லாம் பலாப்பழத்துலதான் வரும்... அங்க எல்லாருக்கும் ஒரே தாள்தாங்க குடுப்பாங்க... தப்புதான். மார்க்குக்குப் பக்கத்துல எந்தத் தாளுன்னு எழுதியிருக்கணும். எழுதல... அவ மூஞ்சிய பாத்துட்டு எழுத மனசு வரலீங்க... திட்டுங்க. திட்டு வாங்க வேண்டியவதான் நான்...

போன அவகிட்ட குடுக்கறீங்களா? வேணாங்க, பரிச்ச நேரத்துல போயி... ஹலோ... லேகாம்மா... பக்கத்துல நின்னு எல்லாத்தையும் கேட்டுட்டியா?... சாரிடா... என்னது, தெரியுமா?... முந்திரின்னா ஈசின்னு கிளாசுக்கே தெரியுமா... அப்பறம் ஏண்டி அப்பாகிட்ட சொல்லல?... ம்... முட்டாய் வாங்கிட்டு வந்துட்டாரா...

பலாப்பழத் தாள வீட்டுல போட்டுப் பாத்தியா? யாருது?... நம்ம கிளாசு அன்பரசோடதா... பின்னம் வந்துதா?... பாதி வந்துதா? நெசமாவா?... எங்கிட்ட காட்டியிருக்கலாமேடா, அடுத்த வாரமே தாள மாத்தியிருப்பேனே... கேக்கல, சத்தமா சொல்லு... இருபதுன்னு போடறப்ப நான் சிரிச்சேனா... நீ மாத்திக் கேட்டா அந்தச் சிரிப்பு போயிடும்னு நெனச்சியா...

...

இல்லடா, அழல. ஜலதோஷம்...

என்ன, பெல்லா? போ, போ. தெரிஞ்சத போடு, தெரியாதத விட்டுடு... அப்பா உன்ன ஒன்னும் சொல்ல மாட்டாரு, திட்டுனா என்னத்தான் திட்டுவாரு... லேகா, இரு. திங்கக்கெழம வந்ததும் உனக்குப் பலாப்பழத் தாளு. எத்தன தப்பு போட்டாலும் நான் அதே மாதிரி சிரிப்பே... ஹலோ?... லேகா?... ஹலோ...