நூற்றுக்கு நூறு

எங்கள் வீட்டு மாப்பிள்ளைக்குக் கணக்கு வராது, சார். குறையாகச் சொல்லவில்லை. எனக்குப் பாட்டு வராது.

தங்கையின் புருஷன் என்பதற்காக அல்ல, மேலதிகாரி என்பதால்தான் அவர் சொன்னதையெல்லாம் செய்தேன். நான் பன்னிரண்டு வருஷம் காத்துக்கிடந்த நாற்காலியில் போன மாதம் அவர் வந்து உட்கார்ந்தார். அதில் எனக்கு வருத்தமே இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

குன்றின்மேல் தண்ணீர்த் தொட்டி, அடிவாரத்தில் பம்ப் அறை. தொட்டியில் தண்ணீர் எவ்வளவு என்பதை மேலே இருக்கும் ரேடியோ நிமிடத்துக்கு ஒருமுறை கீழே அனுப்பும். தொட்டி நிரம்பியது என்று அது சொன்னால்தான் பம்ப் தானாக நிற்கும். கூடவே தன் சிக்னல் எப்படி என்று ஓர் எண்ணும் அனுப்பும். அது எப்போதும் மைனஸில் வரும். மைனஸ் அறுபது என்றால் அருமை. மைனஸ் நூறு என்றால் உயிர் ஊசலாடுகிறது.

மாப்பிள்ளை முதல் நாளே திரையைப் பார்த்தார்.

"என்ன மச்சான், மத்த ரேடியோ எல்லாம் அறுபதுலயே முக்குது? குன்னு ரேடியோவைப் பாருங்க, எண்பத்தஞ்சு வாங்கியிருக்கு. அதை நூறாக்கிடுங்க."

"எழுதிக் குடுத்துடுங்க மாப்பிள்ளை," என்றேன்.

கொடுத்தார். 'அறுபதுக்குக் கீழே போனால் மட்டும் அலாரம் அடிக்க வேண்டும்.' அந்த 'மட்டும்' அவருடைய சொல். அதை மதித்து, தொடர்பு அறுந்தால் அடிக்கும் அலாரத்தையும் செட்டிங்கில் அணைத்துவிட்டேன். பிறகு குன்றேறி ஆன்டெனாவை ஒரு சாண் திருப்பினேன். தொண்ணூறு. இன்னொரு சாண், தொண்ணூற்றாறு. நூறு வந்த அன்று எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். நானும் குடித்தேன், நன்றாகவே இருந்தது.

நூற்றுப்பத்தில் தொடர்பு அறுந்தது. திரையில் தொட்டி பாதியிலேயே நின்றது, பம்ப் தன் பாட்டுக்கு ஓடியது. நிரம்பி வழிந்தால் தண்ணீர் தெற்குச் சரிவில்தான் இறங்கும். அங்கே இருப்பது மாப்பிள்ளை புதிதாகக் கட்டிய வீடு ஒன்றுதான். படுக்கையறைச் சுவர் சரிந்தது.

மைனஸ் கோடுகூடவா அவருக்குத் தெரியாது என்கிறீர்கள். பாவம், திரையில் கோடு இருந்தால்தானே? அவர் வருவதற்கு முந்தின நாள் அதை மறைத்தது நான்தான். சின்னக் குறும்பு என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். தங்கச்சிமேல் ஒரு கீறல்கூட விழக் கூடாது என்று யோசித்துத்தான் செய்தேன். செவ்வாய்க்கிழமை காலையில் அவள் மொட்டைமாடியில் துணி காயப்போடுவாள். அதனால்தான் செவ்வாயாகப் பார்த்துக் கடைசிச் சாண் திருப்பினேன். இப்போது கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், என் முகத்தில் முழிக்க மாட்டேன் என்கிறாளாம். வலியில் ஏதோ பேசுகிறாள்.

அன்று திங்கட்கிழமை என்கிறீர்கள். இருக்காது, சார். எங்கள் வீட்டில் கணக்கு வராதவர் மாப்பிள்ளை மட்டும்தான்.