கேட்டலாக் பார்க்காத காடி

அவைத்தலைவரும் நம் தொழிற்சங்கக் கிளைத் தலைவருமான நடராஜா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணனின் துணைவி அம்மையார் ஜெனவீவ் அவர்களே, செம்பனை எண்ணெய் ஆலைத் தோழர்களே! ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணி தனபாலன் பேசுகிறேன்.

கடைசல் வல்லுநர், நம் டர்னர் அண்ணன் சூசைமுத்து போய்விட்டார். சைக்கிளில் தஞ்சோங் காராங் சாலையைக் கடக்கும்போது வலப்பக்கம் வந்த லோரியை அவர் பார்க்கவில்லையாம். எப்படிப் பார்ப்பார்? வலக்கண்தான் எண்பத்து நான்கிலேயே போய்விட்டதே!

எந்த இரும்பு வந்தாலும் முதலில் அதன் ஓரத்தைச் சாணைக்கல்லில் தொட்டுப் பொறியைப் பார்ப்பார் அவர். நீளமாக ஓடினால் மெல்லிரும்பு. கொத்துக் கொத்தாக வெடித்தால் கெட்டி எஃகு. அதன் பிறகே லேத்துக்குக் கத்தி தேர்ந்தெடுப்பார். சுங்கை புரோங்கிலிருந்து அறுவடை இயந்திரக்காரர்கள் நம் வாசலில் காத்துக் கிடந்தது யாருக்காக?

அவரிடம்தான் புதிய எஞ்சினியர், இனி எல்லா வேலைக்கும் கார்பைடு முனைக் கத்தி என்றார். வேகமாக வெட்டுமாம். வெட்டும். ஆனால் கார்பைடு கண்ணாடி மாதிரி. கடினம் உண்டு, அடி தாங்காது. நீளக் காடி வெட்டிய ஷாஃப்ட் சுழலும்போது, சுற்றுக்கு ஒரு முறை கத்தி அந்தப் பள்ளத்தில் மோதும். அதற்குப் பழைய எஃகுக் கத்திதான் வேண்டும்.

"கேட்டலாக்லயே போட்டிருக்கு லா, அண்ணே."

"கேட்டலாக் இந்தக் காடியப் பாத்ததில்ல லா, தம்பி."

நாம் சிரித்தோம். எஞ்சினியர் சிரிக்கவில்லை.

அன்று மாலை அண்ணன் என்னிடம் வந்து நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதித் தரச் சொன்னார். ஆங்கிலத்தில் ஆறு வரி எழுதினேன், கையெழுத்துப் போட்டார். பதில் வரவில்லை. கார்பைடு வந்தது. பதினோராம் நாள் முனை உடைந்து கண்ணில் பாய்ந்தது.

தவறான கத்தியைத் தேர்ந்தெடுத்தவர் அவரே என்று விசாரணையில் எழுதினார்கள். கத்தி தேர்வதற்கென்றே பிறந்த மனிதரை! அவர் முன்பே எச்சரித்தாரா என்று என்னைக் கேட்டார்கள். நகல் என் இழுப்பறையில் இருந்தது. "பெரிசு பண்ணாதீங்க கிராணி, குடியிருக்கிற குவார்ட்டர்ஸ் போயிடும்" என்று தலைவர் நடராஜா அவர்கள் முந்தின நாளே சொல்லியிருந்தார். நினைவில்லை என்றேன். கடிதம் பற்றி லயத்து வீடுகளில் யாருக்குத் தெரியாது? யார் வாய் திறந்தீர்கள்?

அண்ணனைப் புல்வெட்ட அனுப்பினார்கள். வழியில் என்னைக் காணும்போதெல்லாம் சாப்பிட்டீர்களா என்று கேட்பார். கேட்கவேண்டியதை ஒருநாளும் கேட்டதில்லை.

அவர் பணியைத் தொடர்வோம் என்று இங்கே உறுதி எடுப்பது வழக்கம். எந்தப் பணியை? லேத்தைச் சபாக் ஊர்ப் பழைய இரும்புக் கடைக்காரர் ஏற்றிப் போய்விட்டார். எஞ்சினியர் பதவி உயர்ந்து போய்விட்டார். விசாரணைத் தாள் மட்டும் அப்படியே இருக்கிறது. நான் எடுக்கும் உறுதி ஒன்றுதான்: இனி யார் கேட்டாலும் நினைவிருக்கிறது என்பேன். யாரும் கேட்கப்போவதில்லை.

அந்தக் கடிதத்தின் நகலை அம்மையார் கையில் கொடுக்கிறேன். அதன் கடைசி வரியைத் தமிழில் சொல்லி அமர்கிறேன்:

"இந்தக் கத்தி உடையும். உடையும்போது எதிரில் நிற்பவன் நான்."