வலது கீழ் மூலையில் ஒரு கறை

காலை ஐந்தே முக்காலுக்கு எழுகிறேன். பல் துலக்குகிறேன். படங்கள் இருக்கும் அறைக்குப் போய்ச் சுவரில் தொங்கும் ஈரமானியைப் பார்க்கிறேன். ஐம்பத்து நான்கு என்றால் நல்ல நாள். அறுபதைத் தாண்டினால் கெட்ட நாள். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயந்திரங்கள் இரண்டு அங்கே ஓடுகின்றன. அவற்றின் தொட்டிகளை எடுத்துப் பின்வாசலில் கொட்டுகிறேன். கேமரன் மலைக் காற்று ஓர் இரவில் நான்கு லிட்டர் தண்ணீர் தரும். யாரும் கேட்காமலே தரும். பிறகு மைலோ கலக்கிக் குடித்துவிட்டு ஏழு மணிக்குத் தோட்ட அலுவலகத்தில் இருப்பேன். என் மனைவி சசிரேகா இறந்து ஏழு மாதம் ஆகிறது. இந்த ஒழுங்கு ஒரு நாளும் தவறியதில்லை. மனதைத் தேற்றிக்கொண்டேன் என்று தோட்டத்தில் பாராட்டுகிறார்கள்.

ராதாகிருஷ்ணன் சார், ஈப்போவிலிருந்து நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல் கிடைத்தது. என்னிடமுள்ள பறவை, விலங்குப் படங்கள் அறுபத்திரண்டையும் மொத்தமாக எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறீர்கள். நன்றி. ஒரே ஒரு சந்தேகம் கேட்டிருந்தீர்கள். முப்பத்தேழாம் எண், இருவாச்சி ஜோடி, கல்லச்சில் அச்சிட்டுக் கையால் வண்ணம் தீட்டியது. வலது கீழ் மூலையில் இருபது காசு அளவுக்கு ஒரு கறை. புகைப்படத்திலேயே தெரிகிறது. நிலை அறிக்கையில் ஏன் அதைக் குறிப்பிடவில்லை?

நியாயமான கேள்வி. பழைய படம் சேகரிக்கும் நம் வட்டத்தில் இருக்கும் ஒரே ஒழுக்கம் இந்த நிலை அறிக்கைதான். ஓரம் வெட்டப்பட்டிருந்தால் வெட்டப்பட்டது என்று எழுத வேண்டும். பூச்சி தின்றிருந்தால் எத்தனை துளை என்று எழுத வேண்டும். பின்னாளில் எவனாவது வண்ணம் கூட்டியிருந்தால், பழுது பார்த்திருந்தால், எங்கே, எப்போது, எதைக் கொண்டு என்று எழுத வேண்டும். நான் எழுதிய எந்த அறிக்கையிலும் இதுவரை பொய் இல்லை. முப்பத்தேழுக்கு மட்டும் பேனா ஓடவில்லை. இப்போது எழுதுகிறேன். சற்று நீளும். நீங்கள் முப்பது வருடம் பல் மருத்துவராக இருந்தவர். பிடுங்குவதற்கு நேரம் எடுக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பழக்கத்தைத் தொடங்கி வைத்தவள் அவள்தான். திருமணமான மாதம் பினாங்கில் ஒரு பழைய புத்தகக் கடையில் தாப்பிர் என்ற காட்டு விலங்கின் படம் ஒன்றைக் கண்டெடுத்தாள். வரைந்த ஆங்கிலேயன் தாப்பிரை உயிரோடு பார்த்திருக்க வாய்ப்பில்லை. பன்றிக்குக் குதிரைக் கால் வைத்து முடித்திருந்தான்.

“பாருங்களேன், உங்கள மாதிரியே மூஞ்ச வச்சிக்கிட்டு நிக்கிது. வாங்குங்கலா, வீட்டுக்கு ஒரு சொந்தக்காரன் ஆச்சு” என்றாள்.

வாங்கினேன். பிறகு நானே தேட ஆரம்பித்தேன். லண்டன் ஏலம், சிங்கப்பூர் கடைகள், செத்துப்போன துரைமார்களின் பேரப்பிள்ளைகள். நான்கு வருடத்தில் எங்கள் வீட்டில் மனிதர்கள் இரண்டு, மற்றவை அறுபத்திரண்டு.

அவளுக்குச் சிறு வயதிலிருந்தே மூச்சிழுப்பு உண்டு. கிள்ளானில் இருந்தவரை வருடத்துக்கு ஒரு தடவை. மலைக்கு வந்தபின் மாதத்துக்கு இரண்டு, மூன்று. நான் தோட்டத்துக் கிராணி, அலுவலக எழுத்தர். கிராணிக்குத் தோட்டம் கொடுக்கும் வீடு வெள்ளைக்காரன் காலத்து மரவீடு. சுவரைத் தொட்டால் கை நனையும். தானா ராத்தாவில் பார்த்த மருத்துவர், ஈரமில்லாத அறையில் படுக்கச் சொன்னார். மூக்கு வாய் மூடும் முகமூடி வழியாக மருந்தை ஆவியாகத் தரும் மெஷின் ஒன்றும் வீட்டுக்கு வாங்கினோம்.

ஈரமில்லாத அறை ஒன்று வீட்டில் இருந்தது. அதில் படுக்கலாமா என்று அவள் கேட்டாள். நான் மறுக்கவில்லை. கணக்குதான் போட்டுக் காட்டினேன். தூங்கும் மனிதர் ஓர் இரவில் மூச்சு வழியாக ஒரு பெரிய தம்ளர் தண்ணீரைக் காற்றில் விடுகிறார். படத்துக்கு அது ஆகாது. ஒரு மழைக்காலம் போதும், தாள் முழுக்கப் பழுப்புப் புள்ளி விழுந்துவிடும்.

“சரி, மூச்சு விடாம தூங்குறேன். அப்பப் படுக்கலாமா?” என்றாள்.

இருவரும் சிரித்தோம். அவள் படுக்கையறையிலேயே படுத்தாள்.

அடுத்த சிக்கல் மின்சாரம். அந்த வீட்டின் பிளக்குகள் எல்லாம் ஒரே பழைய வயரில் ஓடுபவை. என் இயந்திரங்கள் இரண்டும் ஓடும்போது அவள் மெஷினைப் போட்டால் ஃபியூஸ் போய்விடும். தொழிற்சாலை எலெக்ட்ரிசியன் காளியண்ணனைக் கூப்பிட்டேன். அவர் வயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேலே கீழே தள்ளும் ஒரு மாற்று ஸ்விட்சைக் கொண்டுவந்தார்.

“இந்தா பாருங்க கிராணி. மேல தள்ளுனா பறவைக்கு. கீழ தள்ளுனா தங்கச்சிக்கு. ரெண்டுக்கும் சேத்து வேணும்னா துரைக்கு எழுதிப் போட்டுப் புது வயர் கேளுங்க. ஒரு நாள் வேல.” பிறகு சசியிடம், “ஏம்மா, பறவைக்கு ஏசி ரூமு, உனக்குக் குளுரா? நல்லாருக்குலா உங்க குடித்தனம்” என்றார்.

“அதுங்க நூத்தி அம்பது வருசத்து ஆளுங்கண்ணே. வயசுக்கு மரியாத குடுக்க வேணாமா?” என்றாள் சசி.

ஸ்விட்சை நடையில் வைக்கிறேன் என்றார் காளியண்ணன். படங்களின் அறைக்குள் வைக்கச் சொன்னவன் நான். நடையில் இருந்தால் யாராவது தெரியாமல் தள்ளிவிடக்கூடும். வீட்டில் என்னைத் தவிர ‘யாராவது’ ஒருவர்தான் இருந்தார்.

தோட்ட மேலாளரான துரைக்கு எழுதிவிட்டேன் என்று அவளிடம் சொன்னேன். இரண்டு மாதம் கழித்து, துரை மறுத்துவிட்டார் என்று சொன்னேன். தொழிலாளர் லயத்தில் கூரை ஒழுகினால், குழாய் உடைந்தால், துரைக்குக் கடிதம் எழுதித் தருவது என் வேலை. வருடத்துக்கு நூறு எழுதுகிறேன். பெரும்பாலும் கிடைத்துவிடும். என் வீட்டுக்கு மட்டும் எழுதவில்லை. வயர் மாற்றச் சுவரைத் துளைப்பார்கள். மரத்தூள் பறக்கும். படங்கள் அறுபத்திரண்டையும் எங்கே கொண்டுபோய் வைப்பது?

எனவே ஒரு சட்டம் போட்டேன். நான் உள்ளே வேலையாக இருக்கும்போது மெஷின் தேவைப்பட்டால் இரண்டு தட்டு தட்ட வேண்டும். கூப்பிடக்கூடாது. இழுப்பு வரும்போது பேசினால் மூச்சு வீணாகும். அக்கறையில்தான் சொன்னேன்.

முதலில் தட்டியவுடன் தள்ளிவிட்டேன். ஒரு தடவை ஐந்து நிமிடம் காத்திருந்தாள். ஒரு தடவை பத்து. தீபாவளிக்கு முந்திய வாரம் பதினைந்து. பொறுமை பழகிக்கொள்ளக்கூடியது என்று அவளிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன். அன்று மட்டும், மெஷின் ஓடி முடிந்ததும் முகமூடியைக் கழற்றிவிட்டுச் சொன்னாள்:

“இருவாச்சி இருக்கில்ல, பொட்டையப் பொந்துல அடச்சிருமாம். ஆனா ஆம்பள நாள் முச்சூடும் பறந்து பறந்து சாப்பாடு கொண்டாந்து ஊட்டுமாம். நீங்க பாதிதான் படிச்சிருக்கீங்க கிராணியாரே.”

நல்ல நகைச்சுவை உள்ளவள்.

டிசம்பர் இரண்டாம் ஞாயிறு. மூன்றாவது நாளாக மழை. வெளியே ஈரம் தொண்ணூற்றாறு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு முப்பத்தேழாம் எண்ணைக் கழுவத் தொடங்கினேன். பழைய சட்டத்தின் பலகை ஓரமெல்லாம் பழுப்பேற்றியிருந்தது. மழைநாளில் தாளைக் கழுவக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் வாங்கிய ஒருவரால் அதைக் கழுவாமல் வைத்திருக்க முடியாது என்பதும் உங்களுக்குத் தெரியும். தாள் தண்ணீர்த் தட்டில் நனைந்து வெளியே வந்தபின் முதல் அரை மணி நேரம்தான் கண்டம். அலகின் சிவப்பு பிசினில் குழைத்துத் தீட்டியது. அறை உலர்ந்திருக்க வேண்டும். மையொற்றுத்தாளால் மூலை மூலையாக ஒற்றி எடுக்க வேண்டும். இல்லையென்றால் சிவப்பு கரைந்து மார்புவரை ஓடிவிடும். கதவைத் தாழிட்டிருந்தேன்.

மூன்று மணி பத்துக்கு இரண்டு தட்டு.

“இருபது நிமிஷம், சசி” என்றேன்.

ஸ்விட்ச் என் மேசையிலிருந்து நான்கு எட்டு. தள்ளியிருந்தால் என் இயந்திரங்கள் நின்றிருக்கும். பத்து நிமிடத்தில் அறை எழுபதைத் தொட்டிருக்கும். சிவப்பு போயிருக்கும்.

அவளிடம் கையில் பிடித்து உறிஞ்சும் நீல மருந்து இருந்தது. அதை முதலிலேயே எடுத்திருப்பாள். அது போதாதபோதுதான் கதவைத் தட்டுவாள். இதுவும் எனக்குத் தெரியும். பக்கத்து வீடு வேலாயி அக்கா வீடு. அறுபது படி கீழே, மழையில். அது சசிக்குத் தெரியும்.

மூச்சு இழுக்கும் சத்தம் கதவைத் தாண்டி வந்தது. சீட்டி அடிப்பதுபோல. பிறகு சத்தம் குறைந்தது. தேவலையாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். முதலில் இப்படித்தான் எழுதி வைத்திருந்தேன். அதைத் திருத்துகிறேன். சத்தம் அதிகமானால் மருந்து கொடுங்கள், சத்தம் குறைந்து மூச்சும் திணறினால் ஓடி வாருங்கள் என்று மருத்துவர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொல்லியிருந்தார். எனக்கு நினைவு இருந்தது. இடது மேல் மூலையை ஒற்றும்போது அது நினைவுக்கு வந்தது. ஒற்றி முடித்தேன்.

பிறகு கதவில் ஏதோ சரிந்து விழும் சத்தம். நான் சட்டென்று திரும்பினேன். ஓரத்துப் பழுப்பைத் துடைத்த ஈரப்பஞ்சு கையிலிருந்து தாளின் மேல் சொட்டியது. வலது கீழ் மூலை. நீங்கள் கேட்ட கறை அதுதான்.

திரும்பியவன் ஸ்விட்ச் பக்கம் போயிருக்கலாம். மேசைப் பக்கமே மறுபடி திரும்பினேன். கறை பரவத் தொடங்கியிருந்தது. பதினோரு நிமிடம் ஒற்றினேன். நீங்களே பார்த்திருப்பீர்கள், இருபது காசைத் தாண்டவில்லை. சிவப்பும் ஓடவில்லை. தொழில் சுத்தம்.

அதன் பிறகு ஸ்விட்சைக் கீழே தள்ளினேன். கதவைத் திறந்தேன். அவள் கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்ததால் உள்பக்கமாக என் கால்மேல் விழுந்தாள். உதடு நீலமாக இருந்தது. தூக்கிப்போய்க் கட்டிலில் கிடத்தினேன். மெஷினில் மருந்து ஊற்றி, முகமூடியை மாட்டி, ஓடவிட்டேன். பழுது பார்ப்பதில் எனக்குப் பழக்கம் உண்டு. எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாசலுக்கு வந்து கத்தினேன்.

முதலில் வந்தவர் வேலாயி அக்கா. அன்று முழுவதும், வந்தவர் போனவர் எல்லோரிடமும் அவர்தான் எனக்காகச் சாட்சி சொன்னார்.

“நான் போறப்ப மெஷினு ஓடிக்கிட்டுத்தான்யா இருந்துச்சு. இந்தப் புள்ள அவ மூஞ்சில மாஸ்க்கப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கு. பாவம், அது என்னா செய்யும்?”

ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். மெஷின் ஆரம்பத்திலிருந்தே ஓடியது என்றேன். எழுதிக்கொண்டார்கள். நான் சொன்னதை அவர்கள் எழுதினார்கள். குறை என்னுடையது.

துரை ஏழாம் நாள் வந்து என் தோளில் கை வைத்தார். மறுவாரம் வீட்டுக்குப் புது வயர் போட்டுக் கொடுத்தார். யாரும் எழுதிக் கேட்கவில்லை. ஒரே நாள் வேலைதான், காளியண்ணன் சொன்னது சரி. மரத்தூளும் அதிகம் பறக்கவில்லை. இப்போது அந்த வீட்டில் எதை வேண்டுமானாலும் எதனோடும் சேர்த்துப் போடலாம். ஒரு மூச்சு குறைந்ததில் ஈரமானியும் இரண்டு புள்ளி இறங்கியிருக்கிறது. படங்களுக்கு இதைவிட நல்ல காலம் இல்லை. அதனால்தான் விற்கிறேன்.

நான் அவளைக் கொன்றேன். ஏழு மாதமாக வேறு சொல் தேடினேன். தாமதம், கவனக்குறைவு, விதி. எதுவும் பொருந்தவில்லை. கொன்றது ஞாயிற்றுக்கிழமை மட்டுமல்ல. ஸ்விட்சை உள்ளே வைக்கச் சொன்ன அன்றே தொடங்கிவிட்டேன். இந்த அறிக்கையைப் போலீசிடம் கொடுப்பதானால் கொடுங்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை. பிரதி ஒன்று மட்டும் படத்தோடு இருக்கட்டும். அடுத்து வாங்குபவருக்கும் தெரிய வேண்டும்.

இன்னும் ஒன்று பாக்கி. அவள் அண்ணன் குகனேஸ்வரன், அடக்கம் முடிந்து திரும்பும்போது காரில் கேட்டான். “கடைசியா ஏதாச்சும் சொன்னாளா மச்சான்?” அம்மாவைப் பார்க்கணும்போல இருக்கு என்று சொன்னாள் என்றேன். காரை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதான். நானும் கொஞ்சம் அழுதேன். அது பின்னாளில் கூட்டிய வண்ணம். அறிவிக்கிறேன்.

உண்மையில், இரண்டு தட்டுக்கும் விழுந்த சத்தத்துக்கும் நடுவில், சட்டத்தை மீறி அவள் ஒரே ஒரு தடவை பேசினாள். மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள். காதில் விழுந்தபடியே, கை வைக்காமல், எழுதுகிறேன்.

“கதவ மட்டும் தொறங்க. நான் படத்தத் தொடமாட்டேன்.”